கையைக் கடிக்காத விலையில் ஜாஸுக்கு ஒரு ஹாலோபாடி கிட்டார்

ஜாஸ் கேட்க ஆரம்பித்து, அந்தக் கிட்டார் சத்தத்தில் மயங்கி, அதே மாதிரி ஒன்று நமக்கும் வேண்டும் என்று விலையைப் பார்க்கப் போனவர்களில் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கிப்ஸன் என்ற பெரிய அமெரிக்கக் கம்பெனியின் பழைய கிட்டார் என்றால் லட்சக்கணக்கில் போகும். அதைப் பார்த்த பிறகு, குறைந்த விலை ஹாலோபாடி, அதாவது உடலுக்குள் வெற்றிடம் உள்ள கிட்டார், எதை வாங்கினாலும் ஒப்புக்கு வாங்குவதுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியும். நாற்பதாயிரத்திலிருந்து எழுபதாயிரம் ரூபாய் வரை கையில் வைத்துக்கொண்டு தேடுகிற ஒருவருக்காக இதை எழுதுகிறேன். அவருக்கு ஓரளவு கார்ட் பிடிக்கத் தெரியும், ஆனால் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கிப் பழக்கமில்லை, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

முதலில் எந்தச் சத்தம் என்று முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் இரண்டு நாள் காதுக்கு வேலை கொடுங்கள். ஜோ பாஸ், ஜிம் ஹால், கிராண்ட் கிரீன், எமிலி ரெம்லர் என்ற ஜாஸ் கிட்டார் கலைஞர்கள் வாசித்ததை ஹெட்ஃபோனில் கேளுங்கள். கம்பியைத் தட்டியதும் 'டும்' என்று ஒரு மரச் சத்தம் முன்னால் வந்து, சுரம் அதன் பின்னால் உருண்டையாக எழும்பி, சீக்கிரமே அடங்கிவிடும். ராக் கிட்டார் போல இழுத்துக்கொண்டே போகாது. கார்டுகள் ஒன்றன் மேல் ஒன்று விழாமல் தனித்தனியாகக் கேட்பதற்கு அந்தச் சீக்கிர அடக்கமே காரணம். வீணைக் குடம் மாதிரி உள்ளே வெற்றிடம் இருப்பதால் கம்பியின் சக்தி மேல்பலகைக்குப் போய் அங்கேயே செலவாகிவிடுகிறது.

கடையில் 'ஹாலோபாடி' என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் அந்தப் பெயருக்குள் மூன்று வேறு வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, உடல் முழுக்க வெற்றிடமாக, மூன்று அங்குலத்துக்கு மேல் ஆழமாக இருப்பது. இதுதான் மேலே சொன்ன சத்தத்தின் சொந்த வீடு. இரண்டாவது, முழு வெற்றிடமே, ஆனால் தடிமன் மெலிந்தது. கிப்ஸனின் ஈஎஸ் 330, எபிஃபோனின் கசீனோ இந்த வகை. கிராண்ட் கிரீனும் எமிலி ரெம்லரும் வாசித்தது ஈஎஸ் 330, அதனால் மெலிந்ததென்று இதைத் தள்ளிவிடாதீர்கள். மூன்றாவது செமி ஹாலோ. 1958-ல் வந்த ஈஎஸ் 335 தொடங்கி வைத்த வடிவம். வெளியே பார்க்க அதே எஃப் வடிவ ஓட்டை இருக்கும், ஆனால் உள்ளே கழுத்துப் பகுதியான நெக்கிலிருந்து கடைசி வரை நடுவில் ஒரு மரக்கட்டை ஓடும். அந்தக் கட்டை இருப்பதால் சுரம் நீளமாக நிற்கும், ஆம்ப் என்ற ஒலிபெருக்கியின் சத்தம் கூடினாலும் எளிதில் ஊளையிடாது, ஆனால் அந்த 'டும்' குறைந்துவிடும்.

எனவே வீட்டிலும் சின்னக் குழுவிலும் ஜாஸ் மட்டுமே வாசிக்கப் போகிறீர்கள் என்றால் முதல் வகை. ஒரே கிட்டாரில் ஜாஸும் வேண்டும், வார இறுதியில் நண்பர்களோடு டிரம்ஸ் அடிக்கும் இடத்தில் வேறு பாட்டும் வாசிக்க வேண்டும் என்றால் தயங்காமல் செமி ஹாலோ வாங்குங்கள். ஒரு வித்தியாசத்தை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்: ஓட்டை வழியாக மொபைல் டார்ச் அடித்தால் நடுக்கட்டை இருக்கிறதா இல்லையா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். விற்பவர் சொல்வதை விட இது நம்பகமானது.

பிளைவுட் என்றதும் ஓட வேண்டாம்

இந்த விலையில் கிடைப்பவை அநேகமாக எல்லாமே ஒட்டுப்பலகையில் செய்தவை. "முழு மரம் இல்லையா, அப்படியென்றால் வேண்டாம்" என்று சொல்லும் ஆட்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அக்கூஸ்டிக் கிட்டாரில் அந்தப் பேச்சுக்குப் பொருள் உண்டு. இங்கே கதை வேறு.

1949-ல் கிப்ஸன் கம்பெனி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமாஸூ என்ற ஊரில் இருந்த தன் தொழிற்சாலையிலிருந்து ஈஎஸ் 175 என்று ஒரு கிட்டாரைக் கொண்டுவந்தது. அந்த 175 அதன் விலை, டாலரில். அதே கம்பெனியின் எல் 5 போன்ற உயர்ந்த ரகங்களில் ஸ்ப்ரூஸ் மரத்தைச் செதுக்கிச் செதுக்கி மேல்பலகைக்கு வளைவு கொடுப்பார்கள், அதற்கு ஏகப்பட்ட உழைப்பு. 175-ல் மேப்பிள் மரத்தின் மெல்லிய தகடுகளை ஒட்டி, அச்சில் வைத்து அழுத்தி வளைத்தார்கள். நம் பாஷையில் பிளைவுட்தான். விலையும் இறங்கியது, கூடவே இன்னொரு நன்மையும் வந்தது: ஒட்டுப்பலகை விறைப்பாக இருப்பதால் ஆம்ப் சத்தத்துக்குச் செதுக்கிய பலகை அளவுக்கு அதிராது. ஜோ பாஸ், ஜிம் ஹால், ஹெர்ப் எல்லிஸ், பேட் மெத்தனி என்று வரிசையாக அந்தக் கிட்டாரை எடுத்து வாசித்தார்கள். நாம் 'ஜாஸ் கிட்டார் சத்தம்' என்று மனதில் வைத்திருப்பதில் பெரும்பங்கு அந்த ஒட்டுப்பலகையின் சத்தம்.

அதனால் இன்று ஆசியத் தொழிற்சாலைகளில் செய்து வரும் ஒரு பிளைவுட் ஹாலோபாடி, கட்டுமானத்தில் அந்த 175-க்கு நெருங்கிய சொந்தம். எல்லா விதத்திலும் அதற்குச் சமம் என்று சொல்ல மாட்டேன். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப், ஃப்ரெட் வேலை, நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் அமரும் நட்டின் தரம் இவற்றில் காசு மிச்சம் பிடித்திருப்பார்கள். ஆனால் அவை எல்லாம் பிறகு சரிசெய்யக் கூடியவை. மாற்ற முடியாதது உடலும் நெக்கும், ஆகவே அந்த இரண்டையும் பார்த்து வாங்கினால் போதும், மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றிக்கொள்ளலாம்.

பிக்கப்

இரண்டு வகை தெரிந்தால் போதும். பி 90 என்பது ஒற்றைச் சுருள். கொஞ்சம் கரகரப்பும் தெளிவும் கலந்த சத்தம், ஆனால் மின்சாரத்தின் 'ம்ம்ம்' இரைச்சலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஹம்பக்கர் இரண்டு சுருள்களை எதிரெதிராக வைத்து அந்த இரைச்சலை அடித்துவிடுவது. 1957 முதல் ஈஎஸ் 175-ல் அது வந்தது, சத்தம் இன்னும் தடிமனாக, வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். வீட்டில் டியூப்லைட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கப் போகும் புதியவருக்கு நான் ஹம்பக்கரைத்தான் சொல்வேன். நெக் பக்கம் இருக்கும் பிக்கப்பே உங்களுக்கு வேலை செய்யப் போவது. உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் இருப்பதை ஜாஸில் அநேகமாகத் தொடவே மாட்டீர்கள், ஆகவே ஒரே ஒரு பிக்கப் உள்ள மாடல் கிடைத்தால் எதையோ இழந்ததாக நினைக்க வேண்டாம்.

மடியில் வைத்துப் பாருங்கள்

அளவு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். படத்தில் எல்லாக் கிட்டாரும் ஒரே அளவாகத் தெரியும். கீழ்ப்பக்க அகலம் 16 அங்குலம், 17 அங்குலம் என்று போட்டிருப்பார்கள், அந்த ஒரு அங்குலம் காகிதத்தில் சின்னது, தோளில் பெரியது. ஆழம் மூன்று அங்குலத்துக்கு மேல் இருக்கும்போது வலது கை ஒரு தலையணையைச் சுற்றி வளைத்த மாதிரி இருக்கும். சின்ன உடல்வாகு உள்ளவர்கள் 17 அங்குலக் கிட்டாரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தோள்பட்டை வலி வரும், பிறகு பயிற்சி குறையும். 16 அங்குலம் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். 

நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம், அதாவது ஸ்கேல், 24.75 அங்குலத்தை ஒட்டி இருந்தால் கம்பி கொஞ்சம் தளர்வாக இருக்கும், நாலு ஃப்ரெட் தாண்டி விரலை நீட்டும் கார்டுகள் எளிதாகும். 25.5 என்றால் இறுக்கம் கூடும். தடித்த கம்பி போடப் போகிறீர்கள் என்பதால் முதலாவதே நல்லது. நட்டின் அகலம் 43 மில்லிமீட்டரை ஒட்டி இருப்பது வழக்கம்.

சரி, எந்த மாடல்?

முதலில் பார்க்க வேண்டியது ஐபனீஸின் ஆர்ட்கோர் வரிசை. 2002-லிருந்து வருகிறது. இதில் பெயரைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்: ஏஎஃப் என்று தொடங்கினால் ஆழமான முழு ஹாலோ, ஏஎஸ் என்று தொடங்கினால் செமி ஹாலோ. ஏஎஃப் 55 எளிமையானது, பளபளப்பு இல்லாத பூச்சு. ஏஎஃப் 75 அதற்கு ஒரு படி மேல், இரண்டு ஹம்பக்கர், 24.7 அங்குல ஸ்கேல். புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் முதல் பரிந்துரை ஏஎஃப் 75. அது கைக்கு எட்டவில்லை என்றால் 55-ஐ வாங்கி மிச்சத்தைச் செட்டப்புக்கு, அதாவது வாசிக்க வசதியாகக் கிட்டாரைச் சரிசெய்வதற்கு, செலவழிப்பது. ஆண்டுக்காண்டு மரமும் பிக்கப்பும் மாறி வந்திருப்பதால் அதே பெயரில் உள்ள பழையதும் புதியதும் ஒரே கிட்டார் என்று நினைத்து விலை பேச வேண்டாம். செமி ஹாலோ வேண்டும் என்பவர்களுக்கு ஏஎஸ் 53, ஏஎஸ் 73 உண்டு.

எபிஃபோன் 1957 முதல் கிப்ஸனோடு சேர்ந்த பெயர், அதனால் கிப்ஸன் வடிவங்களை உரிமையோடு மலிவாகச் செய்ய முடிகிறது. டாட் என்பது 335-ன் தம்பி. ஜோ பாஸ் பெயரில் வந்த எம்பரர் 2, பழையதாகக் கிடைத்தால் விடாதீர்கள், ஆழமான உடல், ஜாஸுக்கென்றே செய்தது. கிரெட்ச் ஸ்ட்ரீம்லைனர் வரிசையில் ஜி 2420 முழு ஹாலோ, ஜி 2622 நடுக்கட்டை உள்ளது. கிரெட்ச் என்றாலே ராக்கபில்லி என்று பேச்சு, ஆனால் டோன் குமிழைப் பாதியில் வைத்துத் தடித்த கம்பி போட்டால் 2420 நன்றாகவே ஜாஸுக்கு ஒத்துழைக்கும். டாஞ்செலிகோ ப்ரீமியர் வரிசையும் இந்த எல்லையை ஒட்டி வரும், பார்க்கவும் அழகு. நியூயார்க்கில் தன் கையால் கிட்டார் செய்து புகழ்பெற்ற ஜான் டாஞ்செலிகோ 1964-லேயே இறந்துவிட்டார், இப்போது வருவது அவர் பெயரில் தொழிற்சாலையில் செய்வது. கிட்டார் நன்றாக இருந்தால் வாங்குங்கள், பெயருக்காகக் கூடுதல் காசு வேண்டாம். கனடாவின் காடின் கம்பெனி செய்யும் ஃபிஃப்த் அவென்யூ கிங்பின், காட்டுச் செர்ரி மரத்தில் ஒட்டுப்பலகை, ஒரே ஒரு பி 90, மிக நல்ல கிட்டார், புதியது நம் எல்லையைத் தாண்டும், பழையது வந்தால் பாருங்கள்.

இது எதுவும் இப்போது முடியாது என்றால்? வீட்டில் இருக்கும், உள்ளே வெற்றிடமில்லாத சாதாரண சாலிட்பாடி கிட்டாரிலேயே தொடங்குங்கள். கனடாவின் எட் பிக்கர்ட் ஃபெண்டர் டெலிகாஸ்டரில் வாசித்த ஜாஸைக் கேட்டால் அது ஹாலோபாடி என்றே சத்தியம் செய்வீர்கள். ஜோ பாஸ் கூட 1960-களின் தொடக்கம் வரை சாலிட்பாடிதான் வாசித்துக்கொண்டிருந்தார், அந்த 175 அவருக்குப் பரிசாக வந்தது. நெக் பிக்கப், டோனைக் குறைத்து, தட்டையான சுற்றுள்ள ஃப்ளாட்வவுண்ட் கம்பி. ஆறு மாதம் அப்படி வாசித்துவிட்டு வாங்கப் போனால் உங்களுக்கு என்ன வேண்டும் என்று உங்கள் கையே சொல்லும்.

கடையில் அரை மணி நேரம்

ஆம்பில் செருகாமல் முதலில் வாசியுங்கள். மடியில் வைத்து, கதவுப் பக்கம் சத்தம் இல்லாத மூலையாகப் பார்த்து, டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்று மெதுவாக அடியுங்கள். மேல்பலகையின் அதிர்வு நெஞ்சில் தெரிய வேண்டும். 

அடுத்தது முக்கியமானது, யாரும் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். முதல் கம்பியில் ஒன்றாம் ஃப்ரெட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பதினேழு வரை ஏறுங்கள். ஒவ்வொரு சுரமும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் நிற்க வேண்டும். எங்காவது 'டக்' என்று செத்துப் போனால், அல்லது பக்கத்து ஃப்ரெட்டின் சத்தமே திரும்ப வந்தால், அதற்கு மேலே ஏதோ ஒரு ஃப்ரெட் தூக்கியிருக்கலாம். ஆறு கம்பியிலும் இதைச் செய்யுங்கள். பிறகு நெக் உடலில் சேரும் இடத்தைப் பாருங்கள், மேல்பலகை வளைந்த ஆர்ச்டாப் கிட்டார்களில், விலை குறைந்தவற்றில், அங்கே நெக் லேசாக மேலெழும்பி இருப்பது நான் அதிகம் பார்த்த குறை. அது இருந்தால் அந்தப் பீஸ் வேண்டாம், அதே மாடலில் இன்னொன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

நெக்குக்குள் இருந்து அதன் வளைவைத் திருத்தும் தண்டான டிரஸ் ராடைச் சோதிக்க: முதல் ஃப்ரெட்டில் ஒரு விரல், நெக் உடலைத் தொடும் ஃப்ரெட்டில் இன்னொரு விரல், ஆறாம் கம்பியை இரண்டிலும் அழுத்துங்கள். நடுவில் ஏழாம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் சரி. பெரிய பள்ளமாகவோ இடைவெளியே இல்லாமலோ இருந்தால் கடைக்காரரைத் திருகிச் சரி செய்து காட்டச் சொல்லுங்கள். திருகு வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ஹாலோபாடிக்கே உரிய இன்னொரு தொல்லை கிறுகிறுப்பு. ஏதோ ஒரு சுரம் வாசிக்கும்போது மட்டும் எங்கிருந்தோ 'ஸ்ஸ்ர்ர்' என்று வரும். ஃப்ரெட் குறை என்று பயந்துவிடுவோம், பெரும்பாலும் அது இல்லை. அந்தச் சுரத்தை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பிக்கார்டின் திருகு, பிரிட்ஜின் உயரச் சக்கரம், கம்பிகளின் கடைமுனையைப் பிடிக்கும் டெயில்பீஸ், கம்பியை முறுக்கும் டியூனரின் நட்டு என்று ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தும்போது நிற்கிறதோ அதுதான். ஒரு ஸ்க்ரூடிரைவரில் முடிந்துவிடும். எதை அழுத்தினாலும் நிற்கவில்லை, மேல்பலகையை விரல் முட்டியால் தட்டினால் உள்ளேயே கிறுகிறுக்கிறது என்றால் உள்பட்டை ஒட்டு விட்டிருக்கலாம். அதை வாங்க வேண்டாம்.

இதெல்லாம் ஆன பிறகுதான் ஆம்ப். எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிட்டு, நெக் பிக்கப், வால்யூம் எட்டு, டோன் ஐந்து. வால்யூமை மெதுவாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், கரகரக்கக் கூடாது. கடைக்காரர் பக்கத்தில் நின்று வேகமாக ஏதாவது வாசித்துக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டு மறுபடி உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழையது வாங்கலாமா?

தாராளமாக. ஜிம் ஹால் பல வருடம் வாசித்த 175, ஹோவர்ட் ராபர்ட்ஸ் என்ற இன்னொரு கிட்டார் கலைஞரிடமிருந்து வாங்கிய பழசுதான். மேலே சொன்ன சோதனைகளோடு தலைப்பகுதியின் பின்புறம், டியூனர்களுக்குக் கீழே, உடைந்து ஒட்டிய கோடு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வயர் செருகும் ஜாக் ஆடுகிறதா என்றும் பாருங்கள். சாலிட்பாடியில் இது பத்து நிமிட வேலை. ஹாலோபாடியில் பின்பக்கம் திறக்கும் மூடி பெரும்பாலும் கிடையாது, எஃப் ஓட்டை வழியாகவே எல்லாவற்றையும் வெளியே இழுத்து, ஒவ்வொரு குமிழின் தண்டிலும் நூலைக் கட்டி, சரிசெய்த பிறகு அதே நூலைப் பிடித்து இழுத்து அதனதன் துளைக்குக் கொண்டுவர வேண்டும். நூல் ஒன்று நழுவினால் திரும்ப முதலிலிருந்து. இதைச் செய்து பழகிய ரிப்பேர்காரர் ஊரில் இருக்கிறாரா என்று தெரிந்துகொண்டு, அதற்கான கூலியை விலையில் கழித்துப் பேசுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் சுங்க வரியையும் கூரியர் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகே அது மலிவா என்று முடிவு செய்யுங்கள்.

செட்டப், கம்பி: இங்கேதான் கிட்டார் பிறக்கிறது

மொத்தத் தொகையில் ஏழில் ஒரு பங்கையாவது இதற்கு ஒதுக்கி வையுங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் கிட்டாரில் பெரும்பாலும் 10 என்ற தடிமன் அளவில், உருண்டைச் சுற்றுள்ள சாதாரண ரவுண்ட்வவுண்ட் கம்பி போட்டிருப்பார்கள். அதோடு வாசித்துவிட்டு 'இது ஜாஸ் மாதிரி இல்லையே' என்று விற்றவர்களை எனக்குத் தெரியும்.

ஃப்ளாட்வவுண்ட் கம்பியில் மேல்சுற்று தட்டையான பட்டை. விரல் நகரும்போது 'கீச்' சத்தம் வராது, ஓசை முதிர்ந்து, கருத்து வரும். புதியவர் 11-ல் தொடங்குங்கள், விரல் பழகிய பிறகு 12. டி'அடாரியோ குரோம்ஸ், தாமஸ்டிக் ஜாஸ் ஸ்விங் இரண்டும் பெயர் பெற்றவை. எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லி வைத்து வரவழைக்க வேண்டியிருக்கும், விலையும் சாதாரணக் கம்பியைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஆனால் மாதக்கணக்கில் உழைக்கும். இந்த செட்களில் மூன்றாவது கம்பியும் சுற்றுக்கம்பியாக இருக்கும், அது முக்கியம். ஆர்ச்டாப்பின் மர பிரிட்ஜில் மேல்விளிம்பு படிப்படியாக வெட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள், பெரும்பாலும் அந்த வெட்டு சுற்றிய மூன்றாம் கம்பிக்குக் கணக்குப் பண்ணியது. அங்கே சுற்றில்லாத வெறும் கம்பியைப் போட்டால் மேல் ஃப்ரெட்களில் அது மட்டும் சுருதி கூடி நிற்கும், எவ்வளவு டியூன் பண்ணினாலும் தீராது.

அப்புறம் பிரிட்ஜ். இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். இந்த வகைக் கிட்டார்களில் பலவற்றில் பிரிட்ஜ் ஒட்டியிருக்காது, திருகியும் இருக்காது. கம்பிகளின் அழுத்தத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். என் முதல் ஹாலோபாடியை வாங்கிய கடையிலேயே கம்பி மாற்றித் தரச் சொன்னேன். ஆறையும் ஒரே நேரத்தில் கழற்றினார்கள், பிரிட்ஜ் நகர்ந்தது, குத்துமதிப்பாக ஓரிடத்தில் வைத்து மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் விரல் வைக்காமல் கம்பியைத் தட்டினால் சுருதி காட்டும் டியூனர் கருவி பச்சை காட்டும், ஏழாம் ஃப்ரெட்டில் கார்ட் பிடித்தால் புளித்துப் போன மாதிரி இருக்கும். இரண்டு வாரம் விரலை எங்கே வைப்பது என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிரிட்ஜ் நாலு மில்லிமீட்டர் தள்ளி இருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

எனவே கிட்டார் வீட்டுக்கு வந்த அன்றே இதைச் செய்யுங்கள். முதல் கம்பியை நன்றாக டியூன் பண்ணி, 12-வது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலை அழுத்தாமல் தொட்டு ஹார்மானிக் எடுங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி வாசியுங்கள். இரண்டும் டியூனரில் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது கூடுதலாகக் காட்டினால் பிரிட்ஜின் அந்தப் பக்கத்தை டெயில்பீஸை நோக்கி மயிரிழை நகர்த்துங்கள். குறைவாகக் காட்டினால் நெக்கை நோக்கி. நகர்த்தும் முன் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பூச்சில் கீறல் விழும். ஆறாம் கம்பிக்கும் அப்படியே. கடைசியில் பிரிட்ஜ் லேசாகச் சாய்ந்து, தடித்த கம்பிப் பக்கம் நெக்கிலிருந்து கூடுதலாக விலகி நிற்கும், அது சரிதான். அதன் காலடி பலகையோடு இடைவெளியின்றிப் படிந்திருக்கிறதா என்று ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். பிறகு மாஸ்கிங் டேப்பை ஒட்டிக் காலின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். கம்பி மாற்றும்போது எப்போதும் ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டுங்கள்.

10-லிருந்து 12-க்குப் போகும்போது நட்டின் பள்ளம் கம்பியைக் கவ்விக்கொள்ளும். டியூன் பண்ணும்போது 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு சுருதி குதித்தால் காரணம் அதுதான். பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்த வேண்டும், அதை வீட்டில் முயற்சி செய்யாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள், ஒரு இழுப்பு கூடினாலும் நட்டையே மாற்ற வேண்டி வரும். ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரமான ஆக்ஷனையும் அவரிடமே சொல்லுங்கள்: 12-வது ஃப்ரெட்டில் முதல் கம்பி சுமார் 1.5 முதல் 2 மில்லிமீட்டர், ஆறாவது 2 முதல் 2.5. ராக் வாசிப்பவர்களைப் போல மிகத் தாழ்த்த வேண்டாம், கம்பி மூச்சு விட இடம் இருந்தால்தான் சத்தம் உருண்டு வரும்.

ஆம்ப்

இதில் சுருக்கமாகவே சொல்கிறேன். ஜாஸுக்கு வேண்டியது சிதறாத, சுத்தமான சத்தம். வீட்டுக்கு 20 வாட் போதும், டிரம்ஸோடு வாசிக்க 50 வாட்டுக்கு மேல் உள்ள சாலிட் ஸ்டேட் ஆம்ப் தேவைப்படும். ஸ்பீக்கர் எட்டு அங்குலத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கும் சின்னதில் கீழ்ச் சுரங்கள் சப்பையாகிவிடும். பேஸ் நாலு, மிடில் ஆறு, ட்ரெபிள் நாலு, கொஞ்சமே கொஞ்சம் ரிவெர்ப் என்று தொடங்கிக் காதால் திருத்துங்கள். கம்பியை மீட்டும் மெல்லிய பிக்கை வைத்துவிட்டு ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனை எடுத்தாலே சத்தம் பாதி மாறிவிடும். கட்டை விரலாலும் வாசித்துப் பாருங்கள், ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கமரி பிக்கே இல்லாமல் கட்டை விரலால்தான் அவ்வளவும் வாசித்தார்.

ஒரு எச்சரிக்கை. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைவது சாதாரணம். கம்பியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஷாக் அடிப்பது சாதாரணம் இல்லை. பல பழைய வீடுகளில் மூன்று பின் பிளக் இருந்தும் எர்த் இணைப்பு இருக்காது. உடனே அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதுவரை ஆம்பில் செருக வேண்டாம்.

ஊளையும் ஈரமும்

ஆம்பின் சத்தம் மேல்பலகையை அசைக்க, பலகை கம்பியை அசைக்க, அதை பிக்கப் பிடித்து மறுபடி ஆம்புக்கு அனுப்ப, சுற்றிச் சுற்றிப் பெருகி 'ஊ' என்று கிளம்புவதுதான் ஃபீட்பேக். தடித்த கம்பிகளில் ஏதோ ஓரிரு சுரங்களில்தான் பெரும்பாலும் இது வரும். எந்தச் சுரம் என்று கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் உட்காருங்கள், பேஸைக் குறையுங்கள், வாசிக்காத கம்பியில் உள்ளங்கையை வையுங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் எஃப் ஓட்டைக்குள் துணி அல்லது ஸ்பாஞ்சை அடைப்பது பழைய வழி, அழகாக இருக்காது, வேலை செய்யும்.

கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்குக் கம்பி துருப்பிடிப்பதுதான் முதல் எதிரி. வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியின் அடிப்புறத்தையும் துடையுங்கள், உறைக்குள் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். ஏ.சி. காற்று நேராகப் படும் சுவரில் மாட்ட வேண்டாம், வெயிலில் நிற்கும் காரில் விட்டுப் போகவே போகாதீர்கள். ஒட்டுப்பலகை இந்த ஈரத்தை நன்றாகத் தாங்கும், நெக் தாங்காது, மழைக்காலம் தொடங்கும்போதும் வெயில் ஏறும்போதும் அது லேசாக வளையும். அந்த இரண்டு சமயத்திலும் விசிட்டிங் கார்டையும் 12-வது ஃப்ரெட்டையும் மறுபடி ஒருமுறை சோதித்துவிட்டு, பிரிட்ஜ் பென்சில் கோட்டில்தான் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.